செவலைக்கு நான் கொடுத்த மாத்திரை

உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள். மடித்து மடித்து மடிப்புகளில் நைந்திருந்தது. மாமாவின் முழங்கால் வலிக்கு அடிவாரத்து மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைப் பெட்டிக்குள் அது இருந்தது. இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் ஆங்கிலம். நெல்லிவாசல் நாடு என்கிற மலைப்பகுதியில் எங்கள் ஊரையும் சுற்றியிருந்த நாலைந்து ஊர்களையும் சேர்த்தாலும் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்பு, விடுதியோடு சேர்ந்த அரசுப் பள்ளி. அப்பா இறந்தபின் எங்கள் கொல்லையையும் சேர்த்து உழுத மாமாதான், அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னை மலையிலிருந்து இறக்கி அங்கே சேர்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அச்சடித்த எதையாவது எடுத்து நீட்டுவார். விதை மூட்டையின் சீட்டு, பஸ் டிக்கெட், சோப்பு உறை. நான் படிப்பேன். அவர் சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் தெரியாத சொல்லையும் தெரிந்ததுபோலப் படித்திருக்கிறேன்.

அந்தக் காலாண்டு விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது சாமை கதிர் பிடித்துச் சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கும். மாமா காவல் பரணில் படுப்பார், செவலை கீழே படுக்கும். காது மடங்கிய, நெஞ்சு அகலமான நாய். அது குரைக்கும் திசையை வைத்தே எத்தனை பன்றி, எந்தப் பக்கம் என்று மாமா சொல்லிவிடுவார். எங்கள் கொல்லையில் அந்த வருஷம் ஒரு கதிர்கூடப் போகவில்லை என்றால் அதற்குச் செவலைதான் காரணம். எங்கள் கொல்லைக்கு மேலே இருந்த கொல்லை, அப்பாவின் பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பா ஆகிறவருடையது. மேட்டுக்கொல்லைப் பெரியப்பா என்போம். அவருடைய இரண்டு கோழிகளைச் செவலை பிடித்துவிட்டது. அவர் தண்ணீர்த் துறையில் எல்லோர் முன்னாலும், "இந்த நாய ஒரு நாள் இல்லாங்காட்டி ஒரு நாள் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். கோபத்தில் யாரும் சொல்லக்கூடிய சொல்தான்.

நான் வந்த மூன்றாம் நாள் காலையில் செவலை மூன்று காலில் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. முன்தோளில் பன்றி குத்தியிருந்தது. மாமா காயத்தைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பினார். அடிபட்ட நாய்க்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் களி போடமாட்டார்கள். தண்ணீர் மட்டும் வைத்து, தனியாக ஓரிடத்தில் விட்டுவிடுவார்கள். "வவுறு காஞ்சாதான் காயம் காயும். அது தானா கெடந்து எழுந்துக்கும், நீ கிட்ட போவாத" என்றாள் அம்மா. செவலை முனகிக்கொண்டே கிடந்தது. எனக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. விடுதியில் எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நர்ஸ் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரத்தில் உடம்புவலி விட்டுப் போயிருந்தது. வலிக்கு மருந்து இருக்கும்போது வலியோடு கிடக்க விடுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்தேன். அம்மாவைத்தான் அப்படி நினைத்தேன்.

மாமாவின் பெட்டியிலிருந்து தாளை எடுத்துப் படித்தேன். பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, மூன்று வேளை. குழந்தைகளுக்குப் பாதி. உணவுக்குப் பின். செவலையின் எடை ஏழெட்டு வயதுக் குழந்தையின் எடை இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் வகுப்பில் முதல். உணவுக்குப் பின் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டில் அதற்குச் சோறு இல்லை, அதை மாற்ற என்னால் முடியாது. மாமா செவலையின் வாயைப் பிளந்து பிடித்துக்கொள்ள, பாதி மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளித் தண்ணீர் ஊற்றினேன்.

சாயந்திரம் செவலை எழுந்து வேலி வரைக்கும் நடந்தது. மாமா அன்று ஊர் முழுக்கச் சுற்றி வந்தார் என்றுதான் நினைக்கிறேன். "எங்க பாப்பா படிச்சி பாத்து குடுத்துச்சி, நாயி எழுந்து நின்னுடுச்சி." அடுத்த நாள் அவரே, "பாதி எதுக்கு, முழுசா குடு. அது இன்னா கொழந்தையா, பன்னியோட சண்ட போட்ட நாயி" என்றார். நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழுதாகக் கொடுத்தேன். மூன்று வேளையும் கொடுத்தேன். அதற்கு மறுநாள் அது வாந்தி எடுத்தது. கழிந்தது தார் போலக் கறுப்பாக இருந்தது. வயிற்றை இழுத்துக்கொண்டு முதுகை வளைத்து நின்றது. வயிறு வலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. வலிக்குத்தானே மாத்திரை என்று இன்னும் ஒன்று கொடுத்தேன். நடந்தது அதுதான். அதற்கடுத்த நாள் விடிந்தபோது செவலை மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் விறைத்துக் கிடந்தது. ஈறு வெளுத்திருந்தது.

மாமா அழவில்லை. நிமிர்ந்து மேட்டுக்கொல்லையைப் பார்த்தார். "வெச்சிட்டான்" என்றார். பெரியப்பா போன சந்தையில் எலி மருந்து வாங்கியது எல்லோருக்கும் தெரியும். சாமை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் எலி மருந்து இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை யாரும் பேசவில்லை.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் கூட்டம் போட்டார். பெரியப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் வெக்கல. அந்தப் பொண்ணு மூணு நாளா இன்னாவோ மாத்திரை போட்டுச்சே, அத கேளுங்க" என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். "உன் எலி மருந்த வுட்டுட்டு மனுசன் துன்ற மருந்த சொல்ற பாரு" என்றார் ஒருவர். ஊர்க்கவுண்டர் நியாயமான மனிதர், என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தாள்ல நாய்க்கு ஆவாதுன்னு எழுதியிருக்குதா, படிச்சி சொல்லும்மா." நான் தாளைப் பிரித்து, முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், எனக்குத் தெரிந்த அளவுக்கு முழுவதும் படித்தேன். அவ்வளவு பேர் அமைதியாக என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாயைப் பத்தி ஒண்ணும் எழுதல" என்றேன். "எழுதலன்னா தப்பு இல்லதானே?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அது மனிதருக்காக எழுதிய தாள், நாயைப் பற்றி அதில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. எழுத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நான் அப்போது நம்பினேன். எழுத்தே தெரியாத ஊரும் என்னை வைத்து அதையே நம்பியது.

பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி பெரியப்பா அம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். விவகாரம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தை மாதம் அவருடைய உழவு மாடு ஒன்று காரணம் தெரியாமல் விழுந்து செத்தது. பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் கூலி கொடுத்துவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. அதன்பின் அவர் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அறுப்புக்கு ஆள் போகவில்லை. குழந்தைகள்கூட அவர் போனால், "மருந்து வெக்கிறவரு" என்று சொல்லி ஓடும்.

நான் மேலே படித்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, எங்கள் மலையிலேயே ஒரு தொடக்கப்பள்ளிக்கு வேலைக்கு வந்தேன். கோழிகளுக்கு ஊசி போட அடிவாரத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் ஒருநாள் பள்ளியில் தங்கிச் சாப்பிட்டார். பேச்சோடு பேச்சாகச் செவலையைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையின் பெயர் எனக்கு மறக்கவில்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வெறும் வயித்துலயா குடுத்தீங்க?" என்றார். மனித உடம்பு சில மணி நேரத்தில் கழித்துவிடும் மருந்து நாயின் உடம்பில் தங்கிவிடும், குடலில் புண் வந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும், அந்த ரத்தம்தான் தார் மாதிரி போகும், சிறுநீரகமும் நின்றுவிடும் என்றார். முதல் நாள் வலி குறைந்து அது நடந்திருக்கும், அதுதான் ஏமாற்றும் என்றார். நாயின் வலிக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை நாயைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும், மனிதரின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மருத்துவம் அல்ல என்றார். கடைசியில், "சின்னப் பொண்ணு, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பல வருஷம் கழித்து அந்த வாசலுக்கு ஆள் வந்ததைப் பார்த்துப் பெரியம்மா உட்காரப் பலகை தேடினாள். நான் சொல்லி முடிக்கும்வரை பெரியப்பா கயிறு திரித்துக்கொண்டே இருந்தார்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"எப்படி பெரிப்பா?"

"நான் வெக்கலன்னு எனக்குத் தெரியும் இல்ல? அப்ப மிச்சம் இருந்தது நீ குடுத்த மாத்திரைதானே. இதுக்கு எதுக்கும்மா படிப்பு?"

அடுத்து வரும் திருவிழாக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். "சொல்லேன், பாப்போம்" என்றார். ஆனால் அந்தத் திருவிழாக் கூட்டத்துக்கு வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார்.

அதே புளியமரத்தடியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நாயைக் கொன்றது நான், பெரியப்பா இல்லை என்றேன். முதலில் மாமாதான் வாயைத் திறந்தார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. "பாத்தீங்களா? ரெண்டு வூட்டையும் சேத்து வெக்கறதுக்குப் பழிய தம்மேல போட்டுக்குது. படிச்ச புள்ள கொணம் அது." "இல்ல மாமா, நெசமாதான் சொல்றேன்" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். கிழவராகிவிட்ட ஊர்க்கவுண்டர், "நீ சொல்றது கெடக்கட்டும் டீச்சரம்மா. நாய மாத்திரை கொன்னுச்சின்னா, அவன் மாட்ட எது கொன்னுச்சி?" என்று கேட்டார். மாடு எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. தலைகள் அசைந்தன. பின்னாலிருந்து ஒரு பெண், "எங்க நாயிகூட ஒரு வாரமா நொண்டுதும்மா, அந்த மாத்திரை பேரு இன்னா?" என்று கேட்டாள்.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டும்போது நின்றார். "பரவால்லம்மா. உனக்கு இன்னும் ஒரு நல்ல பேரு சேந்துச்சி" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் பங்காளிச் சண்டை வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள், விட்டுக்கொடுக்கத் தெரிந்தவள் என்று. நானும் போகிறேன். மேட்டுக்கொல்லை வழியாகத்தான் போகவேண்டும். அறுப்புக்காலத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இரண்டே பேராகச் சாமை அறுத்துக்கொண்டிருப்பார்கள். நான் போகும் சத்தம் கேட்டால் பெரியம்மா நிமிர்ந்து பார்ப்பாள். அவர் குனிந்தபடியே அறுப்பார்.