வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டவை நான்கு விரல்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக வெளியே வந்து, பலகையின் அடிவிளிம்பைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன. கதவு அசையவில்லை. என் தோள் உயரத்தில் இரும்புத் தாழ்ப்பாள் முழுதாகச் செருகியிருந்தது. அது நான் நின்ற பக்கம் இருந்தது.

விரலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவை மெதுவாகத் தள்ளினேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையை ஊன்றி நகர்ந்து வழிவிட்டார்.

"எப்பம்மா வந்த?"

"ராத்திரி கடைசி பஸ்ல. நீ தூங்கிக்கினு இருந்த."

"எங்க தூங்கறது? உன் குரல் கேட்டுச்சு. எழுந்து வரலாம்னு பாத்தா உங்கம்மா தாப்பா போட்டுட்டா. நான் இன்னா மல்லாட்டை மூட்டையா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒலக்கூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அறையில் இருந்தவை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள்தான். காயவைத்துக் கட்டி அடுக்கியபின் எலி நுழையாமல் சாத்திவைக்க வேண்டும். மூட்டைகள் எழுந்து வந்து உள்பக்கம் தாழ் போடப்போவதில்லை என்பதால், எங்கள் ஊரில் மல்லாட்டை அறைக்குத் தாழ்ப்பாள் வெளியில்தான் வைப்பார்கள். எங்கள் கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி மட்டும் இருந்தது. அதுவும் என்றோ கழன்றுபோய், ஓட்டைகள் மிஞ்சியிருந்தன.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் படி ஏறாமல் போய்வரக்கூடிய அறை அது ஒன்றுதான். மூட்டைகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். கதவை யாரும் யோசிக்கவில்லை. பகலில் சாத்தினால் அது நிற்காது. கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்ததால் தானாகத் திறந்துகொள்ளும். இரவில் அம்மா வெளியே தாழ் போட்டுவிட்டால் அப்பாவால் திறக்க முடியாது.

அம்மா பால் ஊற்றிவிட்டு வந்தாள். காலிக் கேனைக் கவிழ்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி மொறைக்கற? நீ வெழுப்புரத்துல இருந்துக்கினு கேப்ப. அன்னிக்கு விடியக்காலம் மோட்டார் போடறேன்னு போனாரே, தொட்டியாண்ட உழுந்து கெடந்தாரே, யாரு பாத்தது? பால் வண்டிக்காரன் பாத்தான். நான் எழுந்து பாக்கறேன், கட்டில்ல ஆளு இல்ல."

"ஒரு தரம் உழுந்ததுக்கு ஜென்மத்துக்கும் ஜெயிலா?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"ஆமா. ஜெயிலுதான். வேளாவேளைக்குக் கஞ்சி வருதில்ல?"

அப்பா சிரித்தார். பிறகு சிரிக்காமல் அவருக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். வாய் இன்னும் சற்றுக் கோணியிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நேராகக் கட்டிலுக்கே வந்துவிடுகிறார்கள். ஒற்றைக் கையால் வேட்டி கட்டவே அவருக்கு நேரமாகிறது. முந்தின நாள் பாதி கட்டியபோது கதவு தானாகத் திறந்துகொண்டது. வாசலில் பக்கத்துக் கொல்லைக்காரரின் மருமகள் நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினு போயிடுச்சு. எனக்கு நாலு நாளா சோறு எறங்கல" என்றார்.

"நேத்து நடந்ததுக்கு நாலு நாளா சோறு எறங்கலயா?" என்றாள் அம்மா.

"நானே சாத்தணும், நானே தொறக்கணும். அவ்ளோதான். அந்த வெளித் தாப்பாவப் புடுங்கிப் போடணும்."

"உள்ள தாப்பா போட்டுக்கினு உழுந்தா? கதவ ஒடைக்கறதா?"

கதவின் உள்பக்கத்து ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்டிவனம் போனேன். ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உருண்டையான குமிழ். வயதானவர், வலது கையில் பலமில்லை, சாவி வேண்டாம், சாத்தினால் நிற்க வேண்டும் என்றேன். அவர் குமிழை நகர்த்திவிட்டு, கீழே அழுத்தினால் திறக்கும் நீளக் கைப்பிடி ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பக்கம் மட்டும், கைப்பிடிக்குக் கீழே, தாழ் விழச் செய்யும் சின்னத் திருகு. பாத்ரூம் கதவுக்குப் போடுவது என்றும், முழங்கையால் அழுத்தினாலே திறக்கும் என்றும் சொன்னார்.

மரவேலை செய்ய வந்தவர் எங்கள் தெருக்கோடியில் இருப்பவர். அப்பாவை மாமா என்பார், அம்மாவை அக்கா என்பார். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் கதவுகளில் அவர் கைபட்டிருக்கிறது. எங்கள் கதவு வேப்பமரம், தடிமன் அதிகம். புதுக் கைப்பிடியின் இரண்டு பாதியையும் சேர்க்கும் சதுரக் கம்பி மறுபக்கம் எட்டவில்லை. இரு பக்கமும் உளியால் செதுக்கி ஆழப்படுத்தினார். பிறகு கதவு நிலையில் குழி வெட்டி, பூட்டின் நாக்கு விழும் தகட்டைப் பதித்தார். வேலை முழுக்க அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கவனித்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு முறை வந்து பார்த்தாள்.

முடிந்ததும் மரவேலைக்காரர் கதவைச் சாத்திக் காட்டினார். க்ளிக் என்று விழுந்து நின்றது.

"மாமா, நீயே ஒரு தபா பாரு."

அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்தார். கைப்பிடியை இடது கையால் அழுத்தினார். திறந்தது. சாத்தினார். நின்றது. பிறகு கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினார். குனிந்து பார்த்தார். கதவை மறுபடி திறந்து வெளிப்பக்கம் பார்த்தார். திருகு அங்கே இருந்தது.

"ஏம்ப்பா மாப்ள, இத யாரு திருவறது?"

"ஆரு திருவுவாங்க? வெளிய இருக்கறவங்கதான். மல்லாட்டை ரூமாச்சே மாமா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார். "சே. பேஜாராப் போச்சே. கை அதும்பாட்டுக்கு வெளிய வெச்சிடுச்சு. இந்தத் தெருவுல எத்தினி ரூமுக்கு வெச்சிருப்பேன், எல்லாம் வெளியதான்."

"உங்க அக்கா பாத்துக்கினுதானே இருந்தா. வாயத் தொறந்தாளா பாரு."

"நான் எதுக்குத் தொறக்கறேன்? எனக்கு அது நல்லாத்தான் இருந்துது" என்றாள் அம்மா. சொன்னவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கைப்பிடிகளைக் கழற்றி மாற்றிப் பூட்ட அதிக நேரம் ஆகவில்லை. திருகு உள்ளே போயிற்று. வெளிப்பக்கம் அதே இடத்தில் ஒரு சின்ன வட்டமும், அதன் நடுவே கோடு போல ஒரு பள்ளமும் வந்தன. அது எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"இதாங்க்கா உனுக்கு. உள்ள மாமா தாப்பா போட்டுக்கினு தொறக்கலன்னு வெச்சிக்க. காசு ஒண்ண இதுல விட்டுத் திருப்பு. தொறந்துக்கும். கதவ ஒடைக்க வாணாம்."

அம்மா நம்பவில்லை. அப்பாவை உள்ளே போய்த் தாழ் போடச் சொன்னாள். டப்பாவிலிருந்து எடுத்த பத்து ரூபாய் நாணயம் பள்ளத்தில் நுழையவில்லை. ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. திருப்பினாள். கதவு திறந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தபா போடு."

போட்டார். திறந்தாள்.

"இன்னொரு தபா. இப்ப கட்டில்ல படுத்துக்க. உழுந்து கெடக்கற மாதிரி."

"அத நான் செஞ்சு காட்டணுமா?"

"போடுங்கறேன்ல."

அப்பா தாழ் போட்டார். சுவரைப் பிடித்து நடக்கும் காலடி ஓசை கட்டில்வரை போயிற்று. அம்மா உடனே திறக்கவில்லை. கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நாணயத்தை விட்டுத் திருப்பினாள். முதல்முறை வழுக்கியது. இரண்டாவது முறை திறந்தது. அப்பா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"எந்திரி" என்றாள் அம்மா.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"யோவ். எந்திரிய்யா. வெளையாடாத."

"கதவத் தட்டிட்டு வரணும்" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே. "சொல்லாம கொள்ளாம தொறந்துட்டு வர்றதுக்கு இது இன்னா மல்லாட்டை ரூமா?"

மரவேலைக்காரர் சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழைய தாழ்ப்பாளைக் காட்டினாள்.

"அதக் கழட்டிடு."

"நெசமாவாக்கா? மல்லாட்டை வந்தா எங்க வெப்ப?"

"ஹால்ல வெக்கட்டும்" என்றார் அப்பா. "டி.வி. பாத்துக்கினு கெடக்கும்."

தாழ்ப்பாளின் திருகாணிகள் துருவேறி இருந்தன. ஒன்று தலை உடைந்து மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மரவேலைக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டு இரும்பை நெம்பி எடுத்தார். அது இருந்த இடத்தில் மட்டும் கதவின் பச்சை வண்ணம் வெளுக்காமல் இருந்தது.

அவர் உளிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தெருவில் யாரோ வரும் பேச்சு கேட்டது. அப்பாவைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள். கையில் பழப்பை இருந்தது. அம்மா அவர்களை ஹாலில் உட்காரச் சொன்னாள்.

அப்பா எழுந்து வந்து கதவைச் சாத்தினார். நாக்கு விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு திருகு திரும்பும் சத்தம்.

"தூங்கறாரா?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

"வேட்டி கட்டிக்கினு இருக்காரு. வருவாரு" என்றாள் அம்மா. காபி போட உள்ளே போனாள். டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். கதவுப் பக்கம் போகவில்லை.

அப்பா வெளியே வந்தபோது காபி ஆறியிருந்தது.