தெரை

பரிசலில் அன்றைக்கு நான்கு பேர்: பரிசல்காரர் மாதப்பன், கூப்பு மேஸ்திரி வெங்கடப்பா, என் அண்ணன் முனியன், நான். மற்ற மூவரும் இன்றில்லை. நான் சொல்வதைத்தான் நீங்கள் நம்பியாக வேண்டும்.

இன்று காலை எங்கள் ஓசூர்த் தெருவில் கம்பெனி பஸ் போனபோது, வாசல் டிரம்மில் தண்ணீர் நெளிந்தது. அதற்கு என்ன பெயர் என்று பேத்தி கேட்டாள். அலை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுப்பை அணைத்தேனா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

நாட்றாம்பாளையத்துப் பக்கம் அதைத் தெரை என்போம். வாளியில் நெளிந்தாலும் தெரைதான். மாநிலம் பிரிப்பதற்கு முந்தின வருஷம், காவிரிக்கு அக்கரைக் காட்டில் மூங்கில் வெட்டக் குத்தகைக்கு ஒரு கூப்பு எடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கும் அண்ணனுக்கும் அங்கே வெட்டு வேலை. பரிசல் சுற்றிக்கொண்டேதான் போகும். துடுப்புப் போடுகிறவர் பார்க்காத பக்கத்தை எதிரே உட்கார்ந்தவன் பார்க்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் தெரை நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அடியில் பாறை. "தெரை" என்று ஒரு சொல் போதும், ஒதுக்கிவிடுவார்.

அந்த இடம் என்னுடையது. காற்றுக்கு நெளிந்தாலும் கத்துவேன், மீன் துள்ளினாலும் கத்துவேன். மேஸ்திரி தெலுங்கில் திட்டுவார். "இவன் பேச்சக் கேட்டா ஆடில ஏறி ஐப்பசிலதான் எறங்கோணும்" என்று மாதப்பன் சொன்னதற்கு அண்ணன்கூடச் சிரித்தான்.

அன்றைக்குத் தண்ணீர் கூடுதல். என் பக்கம் நெளிந்தது. நகர்கிறதா, நிற்கிறதா? இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நின்றது. நான் வாய் திறப்பதற்குள் பரிசல் பாறையில் ஏறிக் கவிழ்ந்தது. மாதப்பனும் மேஸ்திரியும் நீந்திவிட்டார்கள். நான் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குத் தலையில் அடி. மூன்றாம் நாள் கீழே ஒரு மணல்திட்டில் எடுத்தோம்.

காரியம் முடிந்த அன்று அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தெர நின்னுதா தம்பி? நீ பாக்கலியா?"

"ஒண்ணுமே தெரியல அண்ணி. தண்ணி கலங்கலா இருந்துது."

"அப்ப நீ என்ன பண்ணுவ" என்று எனக்குச் சோறு போட்டாள்.

அப்புறம் அவள் காதுபட அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. ஓசூருக்குப் பிழைக்க வந்தும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர் ஊராக வந்து குடியேறிய இந்தத் தெருவிலும் யாருக்கும் தெரியாது. அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், தண்ணீர் கலங்கல் என்றே நம்பிக்கொண்டு.