இரண்டாம் முறை வந்த காய்ச்சல்

வைரசைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். படித்தவர்கள் இதை வாசித்துப் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த பிழை இன்னும் பல வீடுகளில் நடக்கும் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொக்டர்மார் பொக்குளிப்பான் என்கிற அம்மை நோயை நாங்கள் அம்மாள் வருத்தம் என்போம். வீட்டில் ஒருவருக்கு அது வந்தால் வாசலில் வேப்பிலை செருகுவோம். நோயாளியின் அறைக்குள், முன்பு அந்த வருத்தம் வந்து மாறியவர்தான் போவார். வராதவர்கள் எட்டத்தில் நிற்பார்கள். இதில் மூடத்தனம் ஒன்றும் இல்லை. ஒருமுறை வந்தவரை அம்மாள் அனேகமாகத் திரும்பத் தொடுவதில்லை. அந்த முறையைத்தான் நாங்கள் டெங்குக்கும் கொண்டுவந்தோம்.

மாரி மழை ஓய்ந்த நேரம். எங்கள் வீடு அன்புவழிபுரத்தில். கணவருக்குத் துறைமுகத்தில் காவல் வேலை. ஒருநாள் வேலையால் வந்தவர் கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்று படுத்தார். அடுத்த நாள் இரத்தம் சோதித்ததில் டெங்கு என்றார்கள். ஒவ்வொரு நாளும் இரத்தம் பார்க்க வேண்டும், நன்றாக நீராகாரம் கொடுக்க வேண்டும், நுளம்பு கடிக்காதபடி வலை கட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வலையை யாருக்குக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு அதுவரை டெங்கு வந்ததில்லை. அவர் அறைக்குள் போகவே பயந்தேன். தம்பலகாமத்தில் இருந்த என் தங்கைக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் டெங்கு வந்து மாறியிருந்தது. அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உனக்கு முந்தியே வந்ததுதானே. திருப்பி வராது. ஒரு கிழமை வந்து நில்லன். எனக்குக் கிட்டப் போகப் பயமாக்கிடக்கு."

"நீங்கள் சின்னனிலயிருந்து இப்பிடித்தான் அக்கா. பல்லி விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவியள்," என்று சிரித்தாள். "இவரும் வயலோட நிக்கிறார். நாளைக்கே வாறன்."

ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்து இறங்கினாள். நேரே அறைக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன அத்தான், ஊரில இவ்வளவு சனம் இருக்க, நுளம்பு உங்களைத் தேடிப் பிடிச்சிருக்கு?"

"அது துறைமுகத்து நுளம்பு. கப்பலில வந்ததாக்கும்," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

"அப்ப வெளிநாட்டு வருத்தமெண்டு பெருமையாக் கிடக்கு உங்களுக்கு."

காய்ச்சல் நூற்று மூன்றில் நிற்கும்போதே அவர் சிரித்ததை வெளியே நின்று கேட்டேன்.

வீட்டில் ஓட்டை இல்லாத நுளம்பு வலை ஒன்றுதான் இருந்தது. அதைத் தங்கை ஹோலில் என் பாய்க்கு மேலே கட்டினாள். "வராத ஆள் நீங்கள்தான். நீங்கள் உள்ளுக்க கிடவுங்கோ." எங்களுக்கு அது மிகச் சரியாகப் பட்டது. கட்ட வேண்டியது நோயாளியைச் சுற்றித்தான், அதுவும் பகலில், ஏனென்றால் இந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் பகல் முழுவதும் அந்த அறையில்தான் இருந்தாள். தோடம்பழம் பிழிந்து கொடுத்தாள், கஞ்சி பருக்கினாள், பழைய கலண்டர் மட்டையால் விசிறினாள். அவருக்கு அந்தக் காய்ச்சலைக் கொடுத்த நுளம்புகள் அந்த வீட்டை விட்டு எங்கும் போயிருக்கவில்லை.

கணவர் எழுந்து நடக்கத் தொடங்கிய நாளில் தங்கைக்குக் காய்ச்சல் பிடித்தது.

"ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாப்பம்," என்றார் கணவர்.

"வந்தது திருப்பி வருமே அத்தான்? இது அலைச்சல் காய்ச்சல். ரெண்டு நாள் படுத்தாச் சரி."

நான் தங்கையின் பக்கம்தான் பேசினேன். "அவளுக்குத்தான் முந்தியே வந்ததெல்லே. சும்மா பயப்படுத்தாதேங்கோ," என்றேன். பரசிற்றமோலும் கஞ்சியுமாக மூன்று நாள் போனது.

நாலாம் நாள் விடியக் காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. அம்மாள் இறங்கினால் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்ப்போம். அதையே செய்தேன். நானே வார்த்து, நானே தலை துவட்டி விட்டேன். இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள். "நாளைக்குப் பின்னேரம் பஸ் ஏறப்போறன் அக்கா," என்றாள்.

பதினொரு மணிக்கு வயிறு நோகிறது என்றாள். இரண்டு தரம் சத்தி எடுத்தாள். கை சில்லிட்டுக் கிடந்தது. வார்த்த தண்ணீரின் குளிர் என்று நினைத்துப் போர்வையால் மூடினேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் பதில் சொல்லவில்லை. கணவர்தான் ஓடிப்போய் ஓட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் நாடியைப் பிடித்தார். என் வாழ்க்கையில் வெளியார் ஒருவரிடம், கேட்காமலே நானாக முதலில் பேசியது அன்றைக்குத்தான்.

"முந்தி ஒருக்கா டெங்கு வந்து மாறின ஆள் டொக்டர். அதால பயமில்லைத்தானே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப வந்தது?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி."

"காய்ச்சல் எப்ப விட்டது?"

"இண்டைக்கு விடிய."

"விட்ட பிறகுதானம்மா கவனம் வேணும்," என்று சொல்லிக்கொண்டே தாதியை அவசரமாகக் கூப்பிட்டார்.

என் கேள்விக்குப் பதில் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் தட்டச்சு செய்கிறேன். உயிரியல் படிப்பிக்கும் ரியூசன் ஆசிரியர் ஒருவர் தன் கையெழுத்துக் குறிப்புகளைத் தருவார். வழக்கமாக நான் எழுத்தைப் பார்ப்பேன், பொருளைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வந்த பாடம் வைரசு. டெங்கு வைரசின் படத்தைப் பெரிதாக்கிப் போடச் சொல்லியிருந்தார்.

பார்க்க ஒரு பந்து போல இருந்தது. இருபதாயிரத்தை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வருமாம். வெளியே புரதத் தட்டுகள், சோடி சோடியாக, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கின்றன. தொண்ணூறு சோடி. அதற்குக் கீழே கொழுப்பாலான ஒரு தோல். அந்தத் தோலை அது தானாகச் செய்வதில்லை, தான் உருவான உடற்கலத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு நூல். தன்னைப் போல இன்னொன்றைச் செய்வதற்கான கட்டளை முழுவதும் அந்த நூலில் இருக்கிறது. அதைச் செய்கிற கருவி ஒன்றும் அதனிடம் இல்லை. அதற்குத்தான் நம்முடைய கலம் வேண்டும். கலம் அதை விழுங்கியதும் உள்ளே உள்ள அமிலம் பட்டு, படுத்திருந்த தட்டுகள் எழுந்து நிற்கின்றன. கொழுப்புத் தோல் கலத்தின் தோலோடு ஒட்டித் திறக்கிறது. நூல் உள்ளே போகிறது.

அடுத்த பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. டெங்கு ஒன்றல்ல, நாலு வகை. தட்டுகளின் வடிவத்தில் சிறிய வித்தியாசம்தான். முதல் வகை வந்து மாறும்போது உடம்பு அந்த வடிவத்துக்கு ஏற்ற பிறபொருளெதிரிகளைச் செய்து வைக்கிறது. அந்த வகை மறுபடி வந்தால் அவை இறுக்கிப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். வேறொரு வகை வந்தாலும் போய் ஒட்டுகின்றன, ஆனால் பிடி போதாது. ஒட்டியதைப் பகையென்று நம்பி வெள்ளைக் கலங்கள் விழுங்குகின்றன. வைரசு உயிரோடுதான் உள்ளே போகிறது. அது பெருகுவதற்கு வேண்டிய கலமும் அதுதான். பிறகு இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. காய்ச்சல் விடுகிற நேரமும் கசிகிற நேரமும் ஒன்று.

இரண்டாம் முறை வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானோர் மாறிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியையும் தட்டச்சு செய்தேன்.

ஆசிரியர் வந்தபோது எப்படியோ கேட்டுவிட்டேன். "சேர், முந்தி வந்த ஆளுக்குத்தான் கூடப் பயமோ?"

"ஓம் அக்கா, வேற வகை வந்தா அப்பிடித்தான். ஏன் கேக்கிறியள்?"

"சும்மா," என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே தங்கையை அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். அடுத்த நாள் காலை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். முகம் ஊதியிருந்தது. மூச்சு மேலால் போய் வந்தது. இரத்தத்தின் நீர் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கியிருக்கிறது, சேலைன் கூடுதலாக ஏற்றவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது என்று டொக்டர் சொன்னார். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். இந்த முறை பக்கத்தில் போனேன். கையைப் பிடித்தேன்.

என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "பயப்பிடாதேங்கோ அக்கா. உங்களுக்கு வராது. நீங்கள் வலைக்குள்ளதானே கிடந்தனீங்கள்."

பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு இறந்துவிட்டாள். வயது நாற்பத்து நாலு.

அவளுடைய கணவர் விடியவே வந்து வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். செய்தியைக் கேட்டதும் அழவில்லை. என் பக்கம் திரும்பினார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"மச்சாள், திருப்பி வராதெண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சுகாதாரப் பரிசோதகர் புகை அடிக்கிற ஆட்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டில் நுளம்புக் குடம்பிப் புழுக்கள் இருந்ததாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். புகை அடித்து முடியும்வரை வீதியில் நின்றோம். பிறகு தம்பலகாமத்துக்குச் செத்த வீட்டுக்குப் போனோம்.