தேயிலைத் தராசில் இரண்டு கேமராக்கள்

மலேசியாவின் தாப்பா பேருந்து நிலையத்தில் காலை ஏழரை மணிக்கு இறங்கும்போதே என் வலது தோள் மரத்துப் போயிருந்தது. தோளில் தொங்கியது ஒரு தோல்பை. அதற்குள் அகலச் சுருள் போடும் பழைய கேமரா, இரண்டு லென்சுகள், ஒளிமானி, ஃப்ளாஷ். பைக்கு வெளியே வார் போட்டுக் கட்டிய முக்காலி. 1985இல் படம் பிடிக்கும் பைத்தியம் முற்றியவன் இப்படித்தான் ஊர் சுற்றினான். இன்று என் மகள் வைத்திருக்கும் டிஜிட்டல் கேமரா சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். அதைக் கைப்பையில் போட்டுவிட்டு, எங்கே வைத்தோம் என்று அரை மணி நேரம் தேடுகிறாள். என் கேமராவை ஒருநாளும் நான் தேடியதில்லை. அதன் கனம் என்னைத் தொலைக்க விட்டதே இல்லை.

நான் துறையூரில் ஓவிய ஆசிரியன். அத்தை மகன் சேகர் ஈப்போவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தான். பள்ளி விடுமுறைக்கு அவன் அழைத்தான் என்று மலேசியா போயிருந்தேன். கேமரன் மலைக்குப் போனதற்குக் காரணம் வேறு. எங்கள் எதிர்வீட்டுப் பொன்னம்மாக்கா கேமரன் மலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வருடம் முன்பு குடியுரிமை கிடைக்காமல், வேலை பெர்மிட் பிரச்சினையில் கணவரோடு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் வீரமுத்து அங்கேயே தங்கிவிட்டார். “அண்ணன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும் தம்பி. பெரிய படமாப் புடிச்சுட்டு வாங்க” என்று அக்கா கேட்டிருந்தார். பெரிய படம் என்றால் பெரிய கேமராதானே?

சேகர் அப்படி நினைக்கவில்லை. அவனிடம் பினாங்கில் வாங்கிய புத்தம்புதிய சின்னக் கேமரா இருந்தது. தானே ஒளி பார்க்கும், தானே சுருளை நகர்த்தும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் கையை வீசிக்கொண்டு வந்தான். பேருந்துக் கட்டணம் ஆளுக்கு மூன்று வெள்ளி; ரிங்கிட்டை நம்மவர்கள் அங்கே வெள்ளி என்றே சொல்கிறார்கள். ஓட்டுநர் தமிழர். என் பையைப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும்லா” என்றார். சேகர் வழிநெடுக அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

தாப்பாவிலிருந்து மலைமேலுள்ள ரிங்லெட் ஊர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். சாலை நேராகப் போகிற இடம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. கீழே வேர்த்துக் கொட்டியவர்கள் பாதி வழியிலேயே ஜன்னலை ஏற்றிவிட்டு ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்தார்கள். ரிங்லெட்டில் நம்மூர்ப் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் தேநீரும் சாப்பிட்டோம். பிறகு உர மூட்டை ஏற்றிப்போன தோட்டத்து லாரியில் இடம் கிடைத்தது. மூட்டைமேல் நான், என் மடிமேல் பை.

பதினொன்றரை மணிக்குத் தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் இறங்கினோம். மலைச்சரிவெல்லாம் ஒட்ட வெட்டிய தலை போல ஒரே மட்டத்தில் பச்சை. கத்தரியால் கொழுந்து வெட்டிய பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவர்தான் வீரமுத்து. ஐம்பது வயதிருக்கும். அக்காவின் அதே மூக்கு. இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தார். குளிருக்காக என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் பெயரைச் சொன்னதும், மாட்டப்போன கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“பொன்னம்மா அனுப்பிச்சாளா? நல்லாருக்காளா?”

“நல்லாருக்காங்கண்ணே. உங்களைப் படம் புடிச்சுட்டு வரச் சொன்னாங்க.”

கங்காணி வேடிக்கைக்காரர். என் பையைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது. கூடையின் எடையைக் கழித்தே சொல்லிப் பழகிய வாய், தன்னால் கத்தியது: “ஒம்பது! கூடைக்கு ஒண்ணு தள்ளி எட்டு!” கணக்கெழுதும் கிராணியும் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டார். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அடுத்து சேகரின் கேமராவை மாட்டினார். முள் அசையவேயில்லை. ஐம்பது கிலோ நிறுக்கிற தராசுக்கு அது ஒரு பொருட்டா?

“காத்தை நிறுத்தாப்ல இருக்கு” என்றார் கங்காணி.

“புள்ளைங்க வெளையாடற சாமானா தம்பி?” என்று வீரமுத்து சேகரிடம் உண்மையாகவே கேட்டார். சேகருக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கோ தோள்வலியே பறந்துவிட்டது. தோட்டத்தில் நிறுவைதான் கடைசித் தீர்ப்பு. தராசு ஏற்காததை அங்கே யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீரமுத்துவின் லயத்து வீட்டுக்குப் போனோம். சரிவைப் படம் எடுக்கிறேன் என்று சேகர் வெளியே நின்றுவிட்டான். உள்ளே வீரமுத்து கதவைச் சாத்திவிட்டுத் துண்டை அவிழ்த்தார். இடது கையில் மூன்று விரல்கள் இல்லை.

“ஃபேக்டரி ரோலர்ல போச்சு தம்பி. ஆறு வருசமாச்சு. தங்கச்சிக்கு எழுதல.”

துண்டை மடியில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

“போகும்போது ‘நீயும் வந்துருண்ணே’ன்னு அழுதா. நான் இங்கயே நல்லாருப்பேன்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். இதப் பாத்தா தாங்க மாட்டா. கை தெரியாமப் புடிக்க முடியுமா?”

முடியும் என்றேன். பெரிய கேமராவின் வசதியே அதுதான். அதற்கு அவசரமே தெரியாது. முற்றத்தில் முக்காலியை நிறுத்தி, ஒளி பார்த்து, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிற உருவத்தைச் சரிபார்ப்பதற்குள் அரை மணி ஓடியது. அதற்குள் அவர் மனைவி தீபாவளிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். வீரமுத்து பேரனை வலது கையில் தூக்கிக்கொண்டு, இடது கையை மனைவியின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். எடுக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் எடுத்தேன். பனிமூட்டம் இறங்குவதற்குள் நான்கு படங்கள் கிடைத்தன. எனக்குப் பரம திருப்தி.

வேலை முடிந்த நிம்மதியில் வீரமுத்து எங்களுக்குத் தேநீர் ஆற்றினார். மீதி இருந்த விரல்களால் இடது கையிலேயே குவளையை உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. எதிரே சேகர் விளையாட்டுச் சாமானைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். அதனால் என்ன என்று விட்டுவிட்டார்.

“சூப்பர் மச்சான்! அண்ணன் டீ ஆத்துறதக் கையோட புடிச்சிட்டேன்” என்றான் சேகர். அது மறைக்க வேண்டிய கை என்பது அவனுக்குத் தெரியாது.

குவளை கீழே வந்தது. “அதுலயும் படம் விழுமா?”

“மச்சானோட பெரிய கேமராவுல விழறதெல்லாம் இதுலயும் விழும்ணே.”

வீரமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் சேகரும் வெளுத்தான். “அந்த ஒண்ண மட்டும் அதுலேந்து அழிச்சிருங்க தம்பி” என்று கெஞ்சினார். இன்றென்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அன்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் அதற்கு வழி இல்லை. பின்பக்கத்தைத் திறந்தால் வெளிச்சம் பட்டு மொத்தச் சுருளும் பாழ். சேகர் திறக்கத்தான் போனான். கட்டைவிரல் மூடியின்மேல் இருந்தது.

“அதுல வேற என்னா இருக்கு?” என்று கேட்டார் வீரமுத்துவின் மனைவி.

“மகளோட காதுகுத்து” என்றான் சேகர், நிமிராமல்.

வீரமுத்து எட்டி அவன் கையைப் பிடித்தார். மூன்று விரல் இல்லாத அதே கை. “வேணாம்லா. புள்ளைக் காதுகுத்து இன்னொரு தடவ வருமா? அவகிட்ட மட்டும் காட்டாதீங்க. அது போதும்.”

அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துப் போயிற்று. இருவரும் வாக்குக் கொடுத்தோம்.

சாயங்காலம் பிரிஞ்சாங்கில் அறை எடுத்தோம். மறுநாள் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கினோம். புளிப்பு, விலைக்குத் தகாது. ஈப்போவில் சுருளைக் கழுவியதும் சேகர் அந்த ஒரு நெகட்டிவை மட்டும் கத்தரித்து உறையில் போட்டு என்னிடம் கொடுத்தான். “நான் வெச்சுக்கிட்டா எங்கயாச்சும் போட்டுருவேன் மச்சான்” என்றான். தபால்தலை அளவுத் துண்டு. ஒன்பது கிலோவைத் தோளிலும் அதைச் சட்டைப்பையிலும் சுமந்து ஊர் திரும்பினேன். வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டது சட்டைப்பையைத்தான்.

துறையூரில் பெரிய கேமராவின் படத்தை நானே பெரிதாக்கி, சட்டம் போட்டு, பொன்னம்மாக்காவிடம் கொடுத்தேன். பேரனின் சட்டைப் பொத்தான்வரை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“உடம்பு பூசினாப்ல இருக்கு” என்றார். பிறகு படத்தின்மேல் விரலை வைத்தார். “புள்ளையச் சோத்தாங்கையில வச்சிருக்கு.”

“ஆமாக்கா.”

“எங்கண்ணன் பீச்சாங்கைக்காரன் தம்பி. என்னைத் தூக்கி வளத்ததே அந்தக் கையிலதான்.”

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க. மறைச்சு வச்சு அனுப்பியிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.” ஆணியைத் தேடி எடுத்து, படத்தை மாட்டிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். “ஒரு கடுதாசி எழுதுங்க. படம் வந்துச்சு, அண்ணன் முன்னைக்கு இப்ப நல்லாருக்கு, ஒரு குறையும் இல்லைன்னு பொன்னம்மா சொன்னான்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினேன்.