லீவு ஃபாரத்தில் ஸ்கைவிங்

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் காரணமாக நான் எழுதிய தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்காக இல்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் ஸ்கைவிங் பிரிவு. தைப்பதற்கு முன் தோலின் ஓரத்தை மெஷினில் சீவி மெலிதாக்குவோம்.

போன வாரம் வந்த எச்ஆர் சாருக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தினமும் போனில் பத்து கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்கிறார்.

இன்று என் லீவு ஃபாரத்தில் ‘பிரிவு: ஸ்கைவிங்’ என்று பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

“இன்னாம்மா, வேலைக்கு டிமிக்கி குடுக்கிறேன்னு நீயே எழுதியிருக்கே?”

போனைக் காட்டினார். ‘ஸ்கைவிங்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் அப்படித்தான் போட்டிருந்தது.

“எட்டு வருஷமா அதான் சார் பண்றேன்.”

“எட்டு வருஷமாவா!”

“நான் மட்டும் இல்ல சார், பன்னெண்டு பேரு. சூப்பர்வைசர்தான் கத்துக் குடுத்தாரு.”

சார் பேனாவை எடுத்தார். “இவ்ளோ நேர்மையா யாரும் ஒத்துக்கிட்டதில்லம்மா” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்குப் பின்னால் நின்றவர் பாஷா பாய். ஷூவை அச்சில் ஏற்றி இழுக்கும் லாஸ்டிங் பிரிவு. ஒரு நாள் லீவுதான் கேட்டிருக்கிறார்.

‘லாஸ்டிங்: நெடுங்காலம் நீடிப்பது’ என்று சார் பாயின் லீவு ஃபாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

பாய் இனி வேலைக்கு வருவாரா, நீங்களே சொல்லுங்கள்.