வெளியூர்க்காரர்களை எண்ணுகிறவள்

நான்கு வயதில் ஒரு முழு வார்த்தையை ஜெயித்தாள். அந்த வார்த்தை "போதும்". ஒன்பது வயதில் சட்டைப் பொத்தானை ஜெயித்தாள். பிறகு கத்தரிக்கோல். பிறகு, இரண்டாம் முயற்சியில், பள்ளியின் கடைசிக் கணக்குப் பரீட்சை. கூடப் படித்தவர்களைவிட இரண்டு வருடம் தாமதமாக ஒரு பட்டம். கடைசியில், மூளையைப் பற்றி ஆராயும் ஒரு பெரிய கூடத்தில் நிரந்தர வேலை. தோற்றது சைக்கிளிடம் மட்டும்தான். "அது என்னை ஜெயிச்சிடுச்சுக்கா, விடு" என்பாள் என் தங்கை.

ஜன்னல் இல்லாத அறை. நுழைந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நுண்ணோக்கியின் முன் உட்காருவாள். வலக்கை விரல்கள் குமிழைத் திருகும். இடக்கையில் எண்ணும் பொத்தான், அமுக்கினால் டிக் என்று ஒரு எண் ஏறும். பொத்தான் மாட்டத் தடுமாறும் அதே விரல்கள் அந்தக் குமிழில் தடுமாறுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "இது கண்ணுக்கு வேலை. கை சும்மா கூட வருது" என்றாள்.

எலிகளின் மூளையில் அவள் எண்ணுவது மைக்ரோகிளியா என்ற செல்களை. நான் பத்தாவது வரை படித்தவள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். எனக்குப் புரிந்ததை எழுதி அவளிடம் காட்டி, திருத்தியதைத்தான் இங்கே தருகிறேன். இவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த செல்கள். மற்ற மூளைச் செல்களைப்போல மூளையில் பிறந்தவை அல்ல. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே, அதை ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் உருவாகி, மூளை முழுதாக உருவாகும் முன்பே அங்கே போய்க் குடியேறிவிடுகின்றன. அதனால் தங்கை அவற்றை "வெளியூர்க்காரங்க" என்றுதான் சொல்வாள். காவலுக்கு வந்தவை என்று முதலில் நினைத்தார்களாம். அவை வீடு கட்டவும் கை கொடுக்கின்றன என்று பிறகுதான் தெரிந்ததாம். செத்த செல்களை அப்புறப்படுத்தும். வளரும் மூளை தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளைப் போட்டுவைக்கும். மிஞ்சியதை இவை தின்றுவிடும். "மிஞ்சியதை" என்று நான் எழுதியதை அடித்து, "மிஞ்சியதில் சிலவற்றை" என்று மாற்றினாள்.

அவள் அப்படித்தான். அவள் வாயிலிருந்து "நிச்சயமா" என்ற சொல்லை வாங்க முடியாது. கொஞ்சம் தூங்கினால் ஞாபகசக்தி கூடுமாமே என்றால், "எலிக்கு அப்படி" என்பாள். எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "எலிக்கு அப்படியா?" என்று என் கணவர் கேட்பார்.

எண்ணுவதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கண்ணில் தெரியும் கட்டத்தின் இடது கோட்டையோ மேல்கோட்டையோ தொடும் செல்லைச் சேர்க்க வேண்டும். வலது கோட்டையோ கீழ்க்கோட்டையோ தொட்டால் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் நிற்பதை இரண்டு கட்டத்திலும் எண்ணிவிடுவோமாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டீ போடுகிறவள் அவள்தான். தலைகளை எண்ணும்போது என் கணவர் வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தால், "மாமா கீழ்க்கோட்டைத் தொட்டுட்டார், கணக்குல இல்ல" என்பாள். அவர் ஒரு காலை உள்ளே வைத்து, "இப்போ?" என்பார். "இப்போ அரை கப்."

அந்த அறையில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஸ்டிக்கர். கர்ப்பமான எலிகளில் சிலவற்றுக்கு ஓர் ஊசி போடுவார்கள். கிருமி வந்துவிட்டதாக உடம்பை நம்பவைக்கும் ஊசி. மற்றவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு குட்டிகளின் மூளையைச் சீவி எடுத்துப் பார்ப்பார்கள். எந்தக் குட்டியின் தாய் நோய்ப்பட்டது என்பது எண்ணுகிறவருக்குத் தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கண்ணாடிச் சில்லில் எழுதியிருக்கும் பெயரை வேறொருவர் ஸ்டிக்கரால் மூடிவிடுவார். "யாரு பிள்ளைன்னு தெரியாம பாக்கறதுதான் மரியாதை" என்று ஒருமுறை சொன்னாள்.

சொன்னவள் அந்த மரியாதை கிடைக்காமல் வளர்ந்தவள். அவளைச் சுமந்தபோது அம்மா சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நான்காம் மாதத்தில் கடுமையான காய்ச்சல். சம்பளம் போய்விடுமே என்று மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பிள்ளை பேசவில்லை, பொத்தான் போடவில்லை என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லோரும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். "காய்ச்சல் பிள்ளை" என்றார்கள். ஒரு டாக்டரும் தலையை ஆட்டினார். அம்மா அதன் பிறகு அந்த நான்காம் மாதத்தைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் குடும்பத்தினரை அனுமதிக்கும் நாள் ஒன்று வந்தது. அம்மாவை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள் தங்கை. இருட்டில் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

"சிலந்தி மாதிரி இருக்கேடி."

"கை நிறைய நீட்டிக்கிட்டிருந்தா பெரும்பாலும் அமைதியா இருக்குன்னு அர்த்தம்மா. கலவரமானா சுருக்கிக்கும்."

அம்மா கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே கேட்டாள். "என் காய்ச்சல்லதான் உன் தலைக்குள்ள இதுங்க சுருண்டுக்கிச்சா?"

"தெரியாதும்மா."

"மறைக்காதே. நான் தாங்கிப்பேன்."

"மறைக்கல. இது எலி. ஒரு மனுஷிய வச்சு, ஒரு காய்ச்சல வச்சு, யாராலயும் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"தெரியாதுன்னு சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே?"

"ஆமா. அன்னிக்கு எல்லாரும் தெரியும்னுதானே சொன்னாங்க?"

அம்மா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று; கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அந்தக் காய்ச்சலைப் பற்றி எங்களிடம் பேச ஆரம்பித்தாள். தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இஸ்திரி போட்டதை, மேற்பார்வையாளர் கேட்டதற்குத் தலைக்குக் குளித்தேன் என்று புளுகியதை, ஊர்க்கதைபோலச் சொன்னாள்.

மறு வருடம் ஸ்டிக்கர்களைப் பிரித்தார்கள். ஊசி போட்ட எலிகளின் குட்டிகளில் வெளியூர்க்காரர்களின் கைகள் குட்டையாக இருந்தன. நல்ல முடிவு என்று எல்லோரும் கைகொடுத்தார்கள். பத்திரிகைகளுக்கு ஒரு குறிப்பு தயாரானது. தலைப்பு: 'தாயின் காய்ச்சல் குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்; ஒன்று ஆய்வகத் தலைவிக்கு, ஒன்று எண்ணியவளுக்கு.

எங்கள் அம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பேப்பரில் வாடகை விளம்பரம் வரை படிக்கிறவள்.

அடுத்து நடந்ததைத் தலைவியே என்னிடம் சொன்னார். தங்கையிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

"தலைப்புல எலின்னு போடணும், டாக்டர்."

"உள்ளே மூணாவது பத்தியில இருக்கேம்மா."

"எங்கம்மா மூணாவது பத்திக்கு வர்றதுக்குள்ள மறுபடி அந்த நாலாம் மாசத்துக்கே போயிடுவாங்க."

தலைவி நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னார். "எலின்னு போட்டா எந்தப் பத்திரிகையும் தொடாது. உன் பேர் அச்சுல வர்ற முதல் தடவை இது."

"வராட்டி போகட்டும்."

தலைவி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாராம். பிறகு தலைப்பை அடித்து, 'கர்ப்பிணி எலிகளுக்கு நோய் கண்டால் குட்டிகளின் மூளைச் செல்களில் மாற்றம்' என்று எழுதி, மறுபடி அச்செடுக்கச் சொன்னார். அவர் சொன்னதும் பொய்யாகவில்லை. அந்தக் குறிப்பை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

புதுத் தாள் வந்ததும் தலைவி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து தங்கை பக்கம் நகர்த்தினார். அது அன்பில் செய்தது. ஒரே வடிவத்தை இரண்டு தடவை ஒன்றுபோல எழுத அவள் கைக்கு வராது. வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பட்டம் வாங்கியவள், அதிலிருந்து எல்லா இடத்திலும் கட்டைவிரலைத்தான் வைத்தாள். அதில் அவளுக்கு வெட்கமும் இருந்ததில்லை.

அன்று மைப்பெட்டியை மூடி, திரும்பத் தலைவி பக்கமே தள்ளினாள். கையை வெள்ளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டு வாங்கினாள். எழுத்தை எழுத்தோடு சேர்த்து, பாதியில் ஒருமுறை நின்று, தன் பெயரைப் போட்டாள். பக்கத்தில் தேதியையும் எழுதினாள்: நவம்பர் 9, 2021.