தைத்த கொசுவம்

சைனம்புவுக்கு அவள் பிறந்த பர்மாவின் மோல்மேனில் வேறு பெயர் இருந்தது. தோல் வியாபாரத்துக்காகப் பர்மா போன திண்டுக்கல் அப்துல் சுக்கூர் அவளை நிக்காஹ் செய்துகொண்டபோது வந்த பெயர் இது. சண்டை முடிந்து, அங்கே வியாபாரமும் படுத்துப்போய், ஐம்பதாம் வருஷம் அவர் ஊர் திரும்பினார். கூடவே பெண்டாட்டியும் ஒரு தையல் மிஷினும் வந்தன. பேகம்பூர் தெருப் பெண்கள் முதலில் மிஷினைத்தான் பார்க்க வந்தார்கள். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்கள்.

தமிழ் எப்படியோ நாக்குக்கு வந்துவிட்டது. சேலைதான் இடுப்புக்கு வரவில்லை. லுங்கியைச் சுற்றி ஒரே செருகலில் காரியத்தை முடித்து வளர்ந்தவளிடம் இத்தனை நீளத் துணியைக் கொடுத்து, மடி, செருகு, நழுவாமல் நட என்றால் அவள் என்ன செய்வாள்? நடக்கும்போதெல்லாம் ஒரு கை இடுப்பிலேயே இருக்கும். பிள்ளை குட்டியும் இல்லை. பேச ஆளில்லாமல் மிஷினோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஐந்தாறு வருஷம் போன பிறகு, ஒருநாள் சந்தையில் யாரோ ஒருத்தியின் கால்விரலில் வண்டிச் சக்கரம் ஏறியது. அவள் வண்டிக்காரனைப் பர்மிய மொழியில் வாய்க்கு வந்தபடி வைதாள். சைனம்பு வாங்கிய தக்காளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த நல்ல பேச்சு அந்த வசவுதான்.

வைதவள் மாயம்மாள். குஜிலியம்பாறைப் பக்கத்துச் சம்சாரி மலைச்சாமி, பர்மாவுக்கு நெல் அறுக்கப் போன இடத்தில் கட்டிக் கூட்டிவந்தவள். அவளுக்கும் இது வைத்த பெயர்தான். பெண்டாட்டியின் பெயரை மாற்றுவதில் மட்டும் நம் ஆட்களுக்கு மதபேதமே கிடையாது.

அன்றிலிருந்து, கொண்டுவந்த சரக்கை விற்று முடித்ததும் பஸ் நேரம் வரை மாயம்மாளுக்கு சுக்கூர் ராவுத்தர் வீடுதான். மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, வறுத்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, பர்மாவில் போடுகிற மீன் விழுது இங்கே கிடைக்காததால் கருவாட்டை இடித்துச் சேர்த்து ஒரு குழம்பு கொதிக்கும். அதை இடியாப்பத்தின் மேல் ஊற்றி இரண்டு பேரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார்கள். வாடை தெருமுனை வரை போகும். “பர்மாக்காரிக ஒண்ணு சேந்துட்டாளுகடி” என்று எதிர்வீட்டு ஷரீஃபா மூக்கைப் பொத்துவாள். கிண்ணத்தை நீட்டினால் முதலில் வாங்குகிறவளும் அவள்தான்.

ஒரு சந்தையன்று மாயம்மாள் அழுதுகொண்டே வந்தாள். ஊர்க் கிணற்றடியில், இரண்டு கையிலும் வாளி இருக்கும்போது, கொசுவம் மொத்தமும் அவிழ்ந்து விழுந்துவிட்டது. பார்க்காதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அவள் நாத்தனார் ஒச்சம்மாள் கதை சொல்லிவிட்டு வந்தாளாம். சைனம்பு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். மாயம்மாளின் மாற்றுச் சேலையை வாங்கி, கொசுவத்தை மடித்து, மேல்பக்கம் மிஷினில் ஓட்டி, இடுப்புக்கு ஒரு நாடாவும் வைத்துத் தைத்தாள். பாவாடை மாதிரிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாயம்மாள் கட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தாள், குந்திப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, பஸ்ஸையே விட்டுவிட்டார்கள்.

அறுபத்தொன்றில் மாயம்மாளின் மகள் பொன்னழகு பெரியவளானாள். வினையும் அதோடு வந்தது. சடங்கு என்றால் தாய்மாமன் சீர் வரவேண்டும். தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டித்தான் பெண்ணைச் சபையில் உட்காரவைப்பார்கள். “மாமனுக்கு எங்க போறது? இவளுக்கு ஆளு எந்தக் கடலுக்கு அங்கிட்டு இருக்கோ” என்று ஒச்சம்மாள் ஊர் கேட்கப் பேசினாள்.

மாயம்மாள் வந்து சைனம்புவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கென்று ஒரு ஆள் அந்தச் சபையில் வந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வேர் தெரியாதவள் பெற்றது என்று நாளைக்கு மகளைப் பேசுவார்கள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

அப்துல் சுக்கூர் தங்கமான மனிதர். “மாயம்மா எனக்குத் தங்கச்சிம்மா. நான் செய்றேன் சீரு” என்றார். இத்தனை நாள் அக்கா தங்கையாக இருந்தவர்கள் முறைக்காக ஒரே நாளில் மதினியும் நாத்தனாரும் ஆனார்கள்.

கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை எடுத்தார்கள். முதல்நாள் சாயங்காலம் சைனம்பு அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். முதன்முதலாகச் சேலை கட்டப்போகிறாள். அத்தனை கண்ணும் பார்த்திருக்கும்போது, தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடந்துவிட்டால்? மிஷினை இழுத்துப் போட்டு, கொசுவம் மடித்துத் தைத்து, நாடாவும் வைத்தாள். தான் செய்ததிலேயே நல்ல தையல் இதுதான் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, பாவம்.

தேங்காய், பழம், வளையல், கற்கண்டோடு தாம்பாளம் சபைக்கு வந்தது. மலைச்சாமி கும்பிட்டு வரவேற்றான். ஒச்சம்மாள் சேலையை எடுத்துக்கொண்டு, பெண்ணுக்குக் கட்ட உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“ஏப்பா மலைச்சாமி, இதப் பாரு. சீர்ச் சேலையில ஊசி ஏறியிருக்கு! யாரோ கட்டி அவுத்தத கொண்டாந்து மாமன் சீருங்கிறாக!”

“புதுசும்மா, நானே கடையில எடுத்தேன்” என்றார் அப்துல் சுக்கூர். யார் கேட்டது? சைனம்பு எழுந்து ஓடினாள். வந்த தமிழும் அந்த நேரம் வரவில்லை. “நான்தான்... விழாம இருக்க... பிரிச்சிடுறேன்” என்று அங்கேயே உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் வந்தது. பட்டில் ஓட்டை வரிசையாக நின்றது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் பேசியது.

தூணோரம் நின்ற மாயம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் இப்படித்தான் தைத்துத் தருவாள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நிமிஷம் அவள் கட்டியிருந்ததே தைத்த கொசுவம்தான். மாயம்மாளின் கை மெல்ல இடுப்புக்குப் போய், மேலே முந்தானையை இழுத்து மூடியது.

ஒச்சம்மாளின் கொழுந்தனும் பிள்ளைக்கு மாமன் முறைதானாம். அவர் கையில் அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு புதுச்சேலை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கட்டிப் பொன்னழகு சபைக்கு வந்தாள். மலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று பந்தியில் உட்காரவைத்தார்கள். சோறு போட மாயம்மாள் வந்தாள். பின்னாலேயே வெஞ்சன வாளியோடு ஒச்சம்மாள் வந்தாள். சைனம்பு குரலைத் தாழ்த்தி, தங்கள் பேச்சில் கேட்டாள்: “என்மேல் கோபமா?”

மாயம்மாள் நிமிராமலே, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

“அந்தப் பேச்செல்லாம் எனக்கு மறந்து போச்சு மதினி. நல்லாச் சாப்பிடுங்க.”

சைனம்புவின் கை இலையை மூடப் போய் நின்றது. பாதியில் எழுந்தால் அதையும் ஒரு குற்றமாகச் சொல்லி மாயம்மாளைத்தான் வறுப்பார்கள். போட்டது அத்தனையும் சாப்பிட்டாள்.